எங்கிருந்து வந்தது? மிளகும் புளியும் தேடும் பன்றிக்கறி

இம்மாதம் வந்த கேள்விகளில் பல, பன்றிக்கறியைச் சுற்றியே இருந்தன. அதனால் இந்த இதழின் பதில்கள் முழுவதும் அடுப்படியிலேயே நிற்கின்றன.

கேள்வி: பூன் லே என்பது யாருடைய பெயர்? அவருக்கும் சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகி, பூன் லே

பெயர் சியூ பூன் லே என்ற சீன வணிகருடையது. ஜூரோங் பக்கம் அவருக்குப் பெரிய தோட்டங்கள் இருந்தன. காம்பியர், மிளகு, பிறகு ரப்பர் என்று காலத்துக்கேற்பப் பயிரை மாற்றியவர். 'ஹோ ஹோ' பிஸ்கட் தொழிற்சாலையை நிறுவியவரும் அவரே.

நம் கேள்விக்கு விடை அந்த மிளகில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் சீனத் தோட்டக்காரர்கள், பெரும்பாலும் தியோச்சியூ மக்கள், காம்பியரையும் மிளகையும் ஒரே தோட்டத்தில் வளர்த்தார்கள். காம்பியர் என்பது காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்புச் சரக்கு. தோல் பதனிட ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. இலையைக் காய்ச்சிப் பசையை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, மிளகுக் கொடிக்கு எருவாகும். ஒரு பயிரின் கழிவு இன்னொரு பயிரின் உரம் என்ற இந்தக் கணக்கில்தான் தீவின் காடுகள் பல தோட்டமாயின. மிளகின் தாய்மண் நமது மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கிருந்து கிளம்பிய கொடி ஜூரோங் வரை வந்து படர்ந்தது என்பது தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அந்த மிளகு போய்ச் சேர்ந்த பாத்திரத்தைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

கேள்வி: பக் குத் தே எந்த ஊர்ச் சாப்பாடு? சிங்கப்பூரா, மலேசியாவா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

இரண்டு ஊரும் உரிமை கேட்கின்றன. இரண்டு ஊருக்கும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே பன்றி எலும்புச் சூப் அல்ல.

மலேசியாவின் கிள்ளானில் கிடைப்பது ஹொக்கியன் வழி. சீன மூலிகைகள், சோயா சாறு, பூண்டு எல்லாம் சேர்ந்து கறுத்த நிறத்தில், மருந்துக் கடை வாசனையோடு வரும். சிங்கப்பூரில் பரவலாக இருப்பது தியோச்சியூ வழி. விலா எலும்பு, முழுப் பூண்டு, வெள்ளை மிளகு, உப்பு. பெரிதாக வேறொன்றும் இல்லை. தெளிந்த சாறு, தொண்டையில் இறங்கும்போது நம் வீட்டு மிளகு ரசம் போல உறைக்கும். முதல்முறை சாப்பிடும் தமிழர் பலருக்கும் அந்தக் காரம் புதிதாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். இன்று கடைக்காரர்கள் பெரிதும் விரும்புவது சரவாக் மிளகை.

துறைமுகக் கூலிகளும் ஆற்றங்கரைச் சுமைதூக்கிகளும் அதிகாலையில் உடம்புக்குத் தெம்பாகச் சாப்பிட்டது இது என்று இரண்டு ஊரிலும் சொல்வார்கள். எலும்பு அன்று மலிவு. நல்ல சதைக்குக் காசில்லாதவனுக்கு எலும்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறியே விருந்து. கூடவே ஒரு சின்னக் குடுவையில் கடும் சீனத் தேநீர். கொழுப்பு மிதக்கும் சூப்பைக் குடித்த நாக்கை அந்தத் துவர்ப்பு துடைத்துவிடும். அடுத்த வாய்க்கு முதல் வாயின் ருசி திரும்பக் கிடைக்கும். அரிசிச் சோறும், சாற்றில் நனைத்துத் தின்ன 'யூ தியாவ்' என்ற எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியும் சேர்ந்தால் சாப்பாடு முழுமை.

இந்த உணவின் புகழை வளர்த்த கடைகளின் கதையும் தெருவிலிருந்து தொடங்குவதுதான். 'சோங் ஃபா' 1969இல் ஜொகூர் ரோட்டில் ஒரு தள்ளுவண்டியாகப் பிறந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய ரங்கூன் ரோட்டில் 'இங் ஆ சியோ' இருக்கிறது. பாலஸ்டியர் ரோட்டில் 'ஃபவுண்டர்' கடையை 1978இல் தொடங்கியவர், அதற்கு முன் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். எந்த எலும்பில் எவ்வளவு கறி, எந்தக் கறிக்கு எவ்வளவு நேரம் என்பது பண்ணைக்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

2024 பிப்ரவரியில் மலேசியா பக் குத் தேயைத் தன் தேசியப் பாரம்பரிய உணவுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே அரசாணைப்படி கேட்டால் மலேசியா. மிளகுச் சாறு எந்த ஊருடையது என்று கேட்டால், தயங்காமல் சிங்கப்பூர் என்று சொல்லலாம்.

கேள்வி: சிங்கப்பூரில் பன்றிப் பண்ணையே இல்லையே, இவ்வளவு கறி எங்கிருந்து வருகிறது?
– வாசகர், பூன் லே

முன்பு இருந்தது, அதுவும் ஏராளமாக. கம்பத்து வீடுகளில் நாலைந்து பன்றிகளை வளர்ப்பது சேமிப்புக்குச் சமம். வீட்டுக்கு வீடு சமையல் மிச்சத்தைச் சேகரித்தும், குளத்து ஆகாயத்தாமரையை அறுத்து வந்து வேகவைத்தும் தீனி போடுவார்கள். 1980களின் தொடக்கத்தில் தீவு தனக்கு வேண்டிய பன்றிக்கறியைப் பெருமளவு தானே உற்பத்தி செய்துகொண்டது.

அது முடிவுக்கு வந்ததற்குக் காரணம் தண்ணீர். பண்ணைக் கழிவு ஓடைகளிலும் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் கலந்தது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மையாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். அந்தப் பணியில் காலாங் படுகையிலிருந்து 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. கிராஞ்சி நீர்த்தேக்கத்தைக் காக்க அங்கிருந்த பண்ணைகள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டிருந்தன. 1984இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாகக் கைவிடுவதென்று அரசாங்கம் அறிவித்தது. 1980களின் இறுதியில் பொங்கோல் பண்ணைகளும் ஓய்ந்தன. இன்று குழாயில் வரும் நல்ல தண்ணீருக்குப் பின்னால், தலைமுறைத் தொழிலை விட்டுக்கொடுத்த அந்தக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது.

அதன் பிறகு உயிர்ப் பன்றிகள் மலேசியாவிலிருந்து வந்தன. 1998–99இல் அங்கே நிப்பா கிருமி பரவியது. நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அந்தக் கிருமிக்கு. 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார். இறக்குமதி உடனே நின்றது. அந்த இடைவெளியை நிரப்ப, ஆஸ்திரேலியாவிலிருந்து குளிரூட்டிய கறி விமானத்தில் வரத் தொடங்கியது.

பூன் லே வாசகருக்குத் தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. உயிர்ப் பன்றிகள் கடல் வழியாக வந்து இறங்குவதும் அறுக்கப்படுவதும் உங்கள் பக்கத்தில்தான், ஜூரோங்கின் பூரோ லேனில். பாத்தாமுக்கு அருகிலுள்ள இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவு நெடுங்காலம் முக்கிய ஊற்றாக இருந்தது. 2023 ஏப்ரலில் அங்கிருந்து வந்த பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது இறக்குமதி நிறுத்தப்பட்டது. மனிதருக்குத் தொற்றாத நோய்தான். ஆனாலும் ஈரச்சந்தைக் கறிக்கடைகள் பல வெறிச்சோடின. பல நாடுகளிலிருந்து உறைந்தும் குளிர்ந்தும் கறி வருவதால் தட்டு காலியாகவில்லை.

கேள்வி: சீனப் புத்தாண்டுக்கு முன் பக் குவாவுக்கு ஏன் இத்தனை நீள வரிசை?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

புத்தாண்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, பழைய நாட்களில் வருடத்துக்கு ஒருமுறை கிடைத்த கறி அது. சீனாவின் ஃபூஜியான் பகுதியில் கறியைச் சர்க்கரையும் உப்பும் தடவி உலர்த்தி வைத்தார்கள். சிங்கப்பூருக்கு வந்ததும் அதைக் கரி அடுப்பில் வாட்டத் தொடங்கினார்கள்; இனிப்பு கூடியது, ஓரம் கருகியது, வாசனை தெருமுனை வரை போனது. 'கிம் ஹொக் குவான்' 1905இலும் 'பீ செங் ஹியாங்' 1933இலும் 'லிம் சீ குவான்' 1938இலும் தொடங்கியவை. வரிசையில் நிற்பவர்கள் கறிக்காக மட்டும் நிற்பதில்லை, தாத்தா வாங்கிய கடையிலேயே வாங்க நிற்கிறார்கள்.

கேள்வி: தமிழர்கள் பழங்காலத்தில் பன்றிக்கறி சாப்பிட்டார்களா, இல்லை வெள்ளைக்காரர் வந்த பிறகு வந்த பழக்கமா?
– வாசகர், சிராங்கூன் ரோடு

சாப்பிட்டார்கள், சமைக்கவும் வளர்க்கவும் தெரிந்தே சாப்பிட்டார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறது. வழியில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் விவரம் தருகிறது. கள் காய்ச்சும் பெண்களின் வீட்டில் ஆண் பன்றியைப் பெட்டையோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, நெல் மாவைத் தீனியாகக் கொடுத்துப் பல நாள் கொழுக்க வைப்பார்களாம். அந்தக் கொழுத்த கறியும் புளித்த கள்ளும் பாணனுக்குக் கிடைக்கும். ஓடித் திரியாத பன்றிக்குச் சதையில் கொழுப்பு ஏறும், தானியத் தீனி கறியை மென்மையாக்கும் என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் ஒரு தமிழ்ப் பாட்டு அறிந்திருக்கிறது. இன்றைய வெண்பன்றிப் பண்ணைக்காரர் கேட்டாலும் தலையசைப்பார்.

பெரியபுராணத்தின் கண்ணப்பர், காளத்தியில் சிவனுக்குப் படைத்ததும் பன்றிக்கறியே. தீயில் வாட்டி, கடித்துப் பார்த்து, பதமாக வெந்த துண்டுகளை மட்டும் எடுத்து வைத்தார். அன்பின் கதையாகவே அதை எல்லாரும் படிக்கிறோம். நல்ல சமையல்காரரின் கதையாகவும் அதைப் படிக்க இடமுண்டு.

இடைக்காலத்தில் சாதி, சமயக் கட்டுப்பாடுகளும் தெருவில் திரிந்த பன்றியைப் பற்றிய அருவருப்பும் சேர்ந்து இந்தக் கறியைப் பல வீடுகளிலிருந்து விலக்கின. ஆனால் எல்லா வீடுகளிலிருந்தும் அல்ல. தமிழகத்திலும் இலங்கையிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் கிறிஸ்துமஸ் சமையலுக்கு இது வேண்டும். சிங்கப்பூரில் 1888இல் எழுந்த, ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா ஆலயத்தைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், பாட்டி கைப்பக்குவம் ஒன்றாவது சொல்வார்கள். தமிழகத்தில் பன்றி வளர்ப்பும் நின்றுவிடவில்லை: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் காட்டுப்பாக்கம் ஆய்வு நிலையத்தில் உழவர்களுக்கென்றே ஒரு பன்றி இனத்தை உருவாக்கியிருக்கிறது.

கேள்வி: விண்டாலுவும் யூரேசியர்களின் டெவில் கறியும் உறவா?
– வாசகி, ஜூரோங் ஈஸ்ட்

ஒரே கப்பலில் வந்த உறவு. போர்த்துகீசியர் கோவாவை 1510இலும் மலாக்காவை 1511இலும் பிடித்தார்கள். வைன் காடியிலும் பூண்டிலும் கறியை ஊறவைக்கும் பழக்கம் அவர்களுடையது. நீண்ட கடல் பயணத்தில் கறி கெடாமல் இருக்க அது உதவியது. கோவாவில் வைன் காடிக்குப் பதில் கள்ளுக் காடி வந்தது, அமெரிக்காவிலிருந்து அவர்களே கொண்டுவந்த மிளகாய் சேர்ந்தது, விண்டாலு பிறந்தது. மலாக்கா வழி யூரேசியர்கள் கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய வறுத்த கறியையெல்லாம் மறுநாள் மிளகாய், கடுகு, காடியோடு கொதிக்க வைத்தது டெவில் கறி. அவர்களுடைய 'ஃபெங்' இன்னும் சுவையானது. பன்றியின் ஈரல், இதயம் முதலியவற்றைப் பொடியாக நறுக்கி, மல்லி, சீரகம், சோம்பு அரைத்துச் சேர்த்து, காடி விட்டு இறக்குவது. அந்த மூன்று பொடியும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பவை.

இங்கே ஒரு பொது இழை தெரிகிறது. குடகில் பண்டிக் கறிக்குக் கச்சம்புளி என்ற கறுத்த காடி ஊற்றுகிறார்கள். இலங்கையின் கறுத்த பன்றிக்கறிக்குக் கொறுக்காய்ப் புளி போடுகிறார்கள். இரண்டும் ஒரே மரத்தின் பழம். கேரளத்தில் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியும் அதுவே. பக் சோர் மீ என்ற கொத்துக்கறி மீயில் கறுப்புக் காடி. 2016இல் மிஷலின் நட்சத்திரம் பெற்ற, கிராஃபர்ட் லேனின் 'ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா' கடையின் பெருமையில் அந்தக் காடிக்குப் பங்கு அதிகம். கொழுப்பு நாக்கில் படிந்துவிடும். புளிப்போ துவர்ப்போ உறைப்போ அதை வெட்டாவிட்டால் மூன்றாவது வாயிலேயே திகட்டும். பன்றியைச் சமைக்கத் தெரிந்த ஒவ்வோர் ஊரும் அந்த வெட்டும் கத்தியைத் தன் மரத்திலோ கொடியிலோ கண்டுபிடித்திருக்கிறது.

கேள்வி: வீட்டில் முதல்முறை சமைக்கப் போகிறேன். எப்படித் தொடங்குவது?
– வாசகர், பூன் லே

தேக்காவின் ஈரச்சந்தையில் பன்றிக்கறிக்குத் தனிப் பகுதி உண்டு, காலையிலேயே போங்கள். தோல், கொழுப்பு, சதை என்று அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுக் கறியைக் கேளுங்கள். ஒரு கிலோவை ஓரங்குலத் துண்டாக்கி, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுதோடு அடிகனமான சட்டியில், எண்ணெய் விடாமல், அரை டம்ளர் தண்ணீரில் மூடி வேகவையுங்கள். சின்னத் தீ போதும், ஒரு மணி நேரம் ஆகட்டும். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் அந்த நேரத்தில்தான் கரைந்து பசையாகும், அவசரப்பட்டால் ரப்பராகிவிடும். தண்ணீர் வற்றியதும் கறி தன் கொழுப்பிலேயே வதங்கத் தொடங்கும். அப்போது சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ப்பல், இடித்த மிளகு, சோம்புத்தூள். இறக்குமுன் ஊறவைத்த குடம்புளி இரண்டு சுளையைத் தண்ணீரோடு விட்டு, சுண்ட விடுங்கள். மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் ருசி கூடும்.

வீட்டுக்கு வரும் விருந்தினரில் பன்றிக்கறி உண்ணாதவர் இருந்தால் பாத்திரத்தையும் கரண்டியையும் தனியாக வையுங்கள்; இந்த ஊரின் உணவங்காடிகளில் தட்டு திருப்பும் இடங்களே தனித்தனியாக இருக்கின்றன.

உங்கள் வீட்டில் பன்றிக்கறிக்கு எந்தப் புளிப்பைச் சேர்க்கிறீர்கள், அது யாரிடம் கற்றது என்று எழுதுங்கள். பக்குவங்களை அடுத்த இதழில் வெளியிடுவோம்.