கைத்தொழிலும் கல்வியும்: மூவர் சொன்ன பதில்

முதலாம் ஆண்டு பிட்டிங் வகுப்பில் சார் என் கையில் அரத்தைக் கொடுத்ததும் சிரிப்புதான் வந்தது. எங்கப்பா கொல்லுப் பட்டறைக்காரர். "இந்த உலை என்னோட போகட்டும், நீ படி"ன்னு அனுப்பி வைத்தவர். படிக்க வந்த இடத்திலும் அரமா! கல்வி எதற்கு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன், நண்பர்களே.

நூலகத்தில் முதலில் அகப்பட்டவர் காந்தியடிகள். 1937-இல் வார்தா மாநாட்டில் அவர் முன்வைத்தது ஆதாரக் கல்வி. தாய்மொழியில் 7 ஆண்டுப் படிப்பு. நடுவிலே ஒரு கைத்தொழில். அந்தத் தொழில் தனிப் பாடம் அல்ல, அதன் வழியாகத்தான் மற்றப் பாடங்கள். தக்ளியில் நூற்கிற பையன் நூலை அளந்து கணக்குப் படிப்பான். பருத்தி விளையும் மண்ணிலிருந்து புவியியல் படிப்பான். (நாம ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு எழுதுற லட்சணம் தெரிந்ததுதானே!) பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்றும் அவர் நம்பினார்.

தாகூருக்கு இங்கேதான் உறுத்தியது. அவர் கைவேலையை வெறுத்தவர் அல்ல. 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியவர், 1922-இல் ஸ்ரீநிகேதனில் கிராமப் புனரமைப்பு வேலையையும் ஆரம்பித்தார். ஆனால் விலைபோகுமா என்று பார்த்துப் பாடம் வைத்தால் பாட்டும் ஓவியமும் என்ன ஆவது? பணக்காரப் பிள்ளைக்கு விருந்து, ஏழைப் பிள்ளைக்கு அளந்து போட்ட சோறு என்று கல்வி பிரிந்துவிடுமே என்று கவலைப்பட்டார்.

அம்பேத்கர் கேட்டது வேறு. எந்தத் தொழில் என்பதை யார் முடிவு செய்வது? பிறப்பா, படிக்கிறவனா? சாதி தொழிலை முன்கூட்டியே விதித்துவிடுகிறது என்று 1936-இலேயே எழுதினார். அதற்காகத் தொழிற்கல்வியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1942-இல் வைசிராய்க்குக் கொடுத்த மனுவில், ஒடுக்கப்பட்ட இளைஞர்களுக்கு அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் பயிற்சி கேட்டார். பரம்பரைத் தொழில் அல்ல, புதுத் தொழில்!

நம்ம மாநிலத்திலும் இந்தச் சண்டை நடந்தது. 1953-இல் ராஜாஜி, தொடக்கப் பள்ளியைப் பாதி வேளையாக்கி, மீதி வேளை பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னார். குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பி, 1954-இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது.

என் ஓட்டு அம்பேத்கருக்கு. பாடம் நடத்தும் முறைக்கு மட்டும் காந்தி.

லீவில் போனபோது நான் செய்த 'வி' பிட்டிங்கை அப்பாவிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, "அரத்தை ரொம்ப அழுத்தியிருக்கே" என்றார். சரிதான். பிறகு மெதுவாக, "90 டிகிரின்னா என்னடா?" என்று கேட்டார். பட்டறையில் கிடந்த கரித்துண்டை எடுத்துத் தரையில் வரைந்து காட்டினேன்.