வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சார்ஜர்?

மின்சார கார் வாங்கியதும் எழும் கேள்வி: “7 கிலோவாட் சார்ஜரா, 22 கிலோவாட்டா?” பெரியதே நல்லது என்று தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜொகூர், ஸ்கூடாயில் வசிக்கும் ஒருவர் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்ப, தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் செலவானால், அவருக்கு 9 யூனிட் தேவை. சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் 10 யூனிட்.

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். சாதாரண மூன்று முள் பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட்; நான்கரை மணி நேரம் போதும். 32 ஆம்பியர் சுவர்ப் பெட்டி என்றால் 7.4 கிலோவாட், ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

22 கிலோவாட்டுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது இருந்தாலும் போதாது. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் உண்மையான சார்ஜர் காருக்குள்தான் இருக்கிறது. அது 7 கிலோவாட் மட்டுமே ஏற்கும் என்றால், சுவரில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் வேகம் கூடாது. வீட்டு இணைப்பு, பெட்டி, கார் ஆகிய மூன்றில் எது சிறியதோ அதுவே வேகத்தை முடிவு செய்கிறது.

வேகத்தைவிட முக்கியமானது வெப்பம். ஒரே கம்பியில் மின்னோட்டம் 10இலிருந்து 32 ஆம்பியராக உயர்ந்தால், அதில் உண்டாகும் வெப்பம் சுமார் பத்து மடங்காகும். அதனால்தான் சுவர்ப் பெட்டிக்குத் தடித்த தனிக் கம்பியும் தனி பிரேக்கரும் தேவை. பழைய வீட்டில் தளர்ந்த பிளக்கிலோ நீட்டிப்புக் கம்பியிலோ இரவு முழுவதும் சார்ஜ் செய்வது தீயை அழைப்பதாகும்.

உங்கள் முதன்மை சுவிட்சில் 63 ஆம்பியர் என்று இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. காருக்கு 32, வெந்நீர்க் கருவிக்கு 16, இரண்டு ஏர்கோனுக்கு 10, கெட்டிலுக்கு 9: மொத்தம் 67! வீட்டின் சுமையைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் இங்கே கைகொடுக்கும்.

நேர்திசை மின்கசிவையும் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு அதில் உண்டா என்று கேளுங்கள். சாதாரண கசிவு பிரேக்கர் அந்தக் கசிவை உணராது. பொருத்தும் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடமே கொடுங்கள்.

கடைக்குப் போகுமுன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தினமும் ஓடும் தூரம், கார் ஏற்கும் கிலோவாட், முதன்மை சுவிட்சின் ஆம்பியர். எந்த சார்ஜர் வேண்டும் என்பதை அவையே சொல்லிவிடும்.