பொறிமொழி ஆய்வும் பெயர்த் தெளிவும்

கணினி எழுதிய கட்டளையைச் செய்யுமேயன்றி, எழுதியவன் கருத்தை அறியாது. கட்டளைக்கும் கருத்துக்கும் இடையிலுள்ள வெளியிலேயே பிழைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தேடும் முறையொன்றையும், அதற்குதவும் நிரல் நூலகமொன்று தன்னைத் திருத்திக்கொண்ட வகையையும் ஈண்டு ஆராய்வோம்.

எண்ணொன்றைப் பெற்று, இரண்டாற் பெருக்கி, ஆறைக் கூட்டி, 30 வந்தால் மட்டும் பூட்டைத் திறக்கும் செய்நிரல் ஒன்று உளதெனக் கொள்வோம். 32 பிட்டில் அடங்கும் எண்கள் 4,294,967,296. அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தல் நெடும்பணி. அட்சரகணிதம் கற்ற மாணவனோ எண்ணுக்குப் பதிலாக 'அ' என்னும் குறியீட்டை இட்டு, 2அ + 6 = 30 எனச் சமன்பாடமைத்து, அ = 12 என்பான். செய்நிரலையும் இவ்வாறே குறியீடு கொண்டு இயக்கிச் சோதிக்கலாம் என்பதை விளக்கிய முன்னோடிகளுள் ஒருவர் ஜேம்ஸ் கிங். அவர்தம் கட்டுரை 1976இல் வெளிவந்தது.

ஆயினும் மாணவன் கண்ட விடை முழுமையானதன்று. 32 பிட் பதிவகத்தில் கொள்ளளவை மீறிய பகுதி உதிர்ந்துவிடும். ஆதலின் 2,147,483,660 என்னும் எண்ணும் அப்பூட்டைத் திறக்கும்! இந்த இரண்டாவது திறவுகோல், பொறியின் கட்டளைகளை உள்ளவாறே பின்பற்றுவோர்க்கே புலனாகும். பொறிமொழியைக் குறியீட்டால் இயக்கிப் பார்ப்பதன் பயன் இதுவே.

இப்பணிக்குப் பெயர்பெற்ற நூலகம் 'ஆங்கர்' என்பது. சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பிறந்தது. செய்நிரலில் நிபந்தனை வருமிடத்து, '30 ஆயின்' எனவும் 'அன்றாயின்' எனவும் வழி இரண்டாகப் பிரியும். முன்னைய பதிப்புகளில், பதிவகமும் நினைவகமும் அவ்வேளை கொண்டிருப்பதை 'நிலை' என்றும், அந்நிலைக்கு வந்த வரலாற்றைத் தாங்குவதை 'வழி' என்றும் இருவேறு பொருள்களாக வைத்திருந்தனர். கற்போன் எதனை எதனிடம் கேட்பதென மயங்க நேர்ந்தது. 2017இல் வந்த ஏழாம் பதிப்பு 'வழி'யை நீக்கி, வரலாற்றையும் நிலையுடனேயே சேர்த்தது. 'வழித்தொகுதி' எனப் பொருள்படும் 'பாத் குரூப்' நீங்கி, 'சிமுலேசன் மனேஜர்' வந்தது. 'சிமுவெக்ஸ்' என்னும் தனிப்பொதியும் ஆங்கருள் அடங்கியது.

இதனால் விளைந்த நன்மை தெளிவு. விளைந்த இடர், பழைய பெயரால் எழுதிய செய்நிரல்கள் இயங்காமை. இவ்விடரை உணர்ந்தே ஆக்கியோர் மாற்றங்களை விளக்கும் வழிகாட்டியொன்றையும் உடன் வழங்கினர். திருத்துவோன் புதியவனுக்கு எளிமையும், பழையவனுக்குப் பாலமும் தரக் கடமைப்பட்டவன்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் நம் சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. கணினி கற்கும் நம் இளைஞர் பழைய குறிப்பொன்றைப் பின்பற்றிச் செய்நிரல் இயங்காதவிடத்து, தம் அறிவை ஐயுறுதல் வேண்டா. முதலிற் பதிப்பை நோக்குக. ஈழத்து நூல் 'பெறுமானம்' என்பதைத் தமிழக நூல் 'மதிப்பு' என்கையில் மயங்கிய மாணவர் பலரை வகுப்பறையிற் கண்டுள்ளோம். அவர்க்குக் குறைந்தது அறிவன்று. இரு பெயரையும் இணைத்துக் காட்டும் ஒரு வரி. அவ்வரியை எழுதிவைத்தல் நூல் செய்வோர்க்கும் நிரல் செய்வோர்க்கும் ஒப்ப உரிய கடனாகும்.