மலர் முத்திரையும் வாழ்த்தட்டையும்

தைப்பொங்கல் விடியலில் ஒரே மலர்ப்படம் ஒன்பது பேரிடமிருந்து எமது கையடக்கத் தொலைபேசிக்கு வந்து சேர்கின்றது. அனுப்பியோர் அனைவரும் அன்பர்களே. அவர்தம் அன்பில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அப்படத்தில் அவர்களுடைய கை எங்குள்ளது என்று தேடினால் காண்பதற்கில்லை. இம்மலரின் பக்கங்களைக் கைப்பணி குறித்த ஒரு பாடத்துக்குப் பயன்படுத்த நாம் துணிந்தமைக்கு இதுவே காரணமாகும். மலர் உருவத்தை முத்திரையாகச் செதுக்கி, அட்டையிற் பதித்து, நிறந்தீட்டி வாழ்த்தட்டை ஆக்குவது எவ்வாறு என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். மாணவர் செய்து பார்க்கலாம். பழைய மாணவரும் வெட்கமின்றிச் செய்து பார்க்கலாம்.

அச்சும் கைந்நிறமும் ஒன்றுசேர்வது வாழ்த்தட்டையின் பிறப்பிலேயே அமைந்த இயல்பாகும். 1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பார் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்த நத்தார் அட்டையே விற்பனைக்கு வந்த முதலாவது நத்தார் அட்டை என்பர். ஆயிரம் பிரதிகள் கல்லச்சிற் கோடுகளாகப் பதிக்கப்பட்டன. நிறமோ ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் ஊட்டப்பட்டது. விலை ஒரு சிலிங். மலர்ப் படங்களின் வரலாறும் இவ்வாறே. 1787இல் தொடங்கிய கேர்ட்டிஸின் தாவரவியற் சஞ்சிகை 1948 வரையில் தன் படங்களுக்குக் கையாலேயே நிறந்தீட்டி வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே கோட்டுக்குள் எத்தனையோ கைகள் நிறம் நிரப்பின. எந்த இரண்டு பிரதிகளும் முற்றாக ஒத்திருந்திரா.

மலரை வரைதல் என்னும் கலைக்குக் கண்டியைப் போல வாய்ப்பான ஊர் இலங்கையில் வேறில்லை என்பது எமது கருத்து. ஊர்ப்பற்றால் இதனைக் கூறவில்லை. இங்கே சில கல் தொலைவுக்குள் மலரைக் காணும் இருவேறு மரபுகள் அருகருகே உள்ளன.

ஒன்று பேராதனை மரபு. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பார் பேராதனையில் தாவரவியற் பூங்காவை நிறுவினார். 1823 முதல் 1861 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் அங்கே வரைஞராய் அமர்ந்திருந்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. அவருக்குப் பின்னர் அவருடைய மக்களும் அத்தொழிலையே மேற்கொண்டனர். ஹென்றி திறைமன் எழுதத் தொடங்கி, 1893 முதல் 1900 வரை வெளிவந்த இலங்கைத் தாவரக் கைநூலின் நூறு படங்கள் அக்குடும்பத்தாரின் கைவண்ணத்தையே பெரிதும் சார்ந்தவை. இவர்கள் மலரை எண்ணிப் பார்த்தவர்கள். இதழ் நான்காயின் நான்கே, ஐந்தாயின் ஐந்தே. மகரந்தக் கேசரம் எங்கே ஒட்டியுள்ளது, புல்லி எப்பக்கம் மடிகின்றது என்பவற்றில் ஓவியரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

மற்றையது எம்பெக்கே மரபு. கம்பளை அரசர் காலமாகிய 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனப்படும் எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைப் பார்த்தவர்கள் அங்குள்ள பூவேலையை மறவார். அங்கே மலர் எண்ணப்படுவதில்லை, வகுக்கப்படுகின்றது. சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் எட்டுப் பங்கு, பங்குக்கு ஓரிதழ் என்று கவராயத்தின் ஆணைப்படி அது மலர்கின்றது. தாமரை என்று பெயர். குளத்துத் தாமரைக்கும் அதற்கும் உறவு தொலைவானது. இம்மரபை உலகறியச் செய்தவர் நம்மவராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1908இல் அவர் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் கண்டிக் கைவினைஞரின் பூவுருக்களுக்கு நெலும் மல, பிச்ச மல முதலாய அவர்தம் பெயர்களையே வழங்கிப் பதிந்து வைத்துள்ளது. அந்நூலும் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியில், 425 பிரதிகள் மட்டுமே அச்சாயிற்று. கைவினை பற்றிய நூலைக் கைவினையாகவே செய்தார் அப்பெரியார்.

முத்திரை செதுக்குவோன் இவ்விரண்டு மரபுகளுக்கும் இடையில் நிற்கின்றான். கத்தி முனையால் மகரந்தத் துகள்வரை காட்ட இயலாது. ஆகவே எம்பெக்கேயைப் போலச் சுருக்க வேண்டும். எனினும் அட்டையைப் பெறுபவர் இன்ன மலர் என்று கண்டறிதல் வேண்டும்; ஆகவே பேராதனையைப் போல எண்ண வேண்டும். நாகமரப் பூவுக்கு ஐந்து இதழ் செதுக்கிவிட்டு, அழகாயுள்ளதே என்று வாதிடும் மாணவருக்கு நாம் ஒருபோதும் இணங்கோம். அதன் இதழ்கள் நான்கு.

இனிச் செய்முறைக்கு வருவோம். தொடக்கநிலையினர்க்கு அடுக்களையே போதும். வெண்டிக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் ஒற்றிப் பதித்தால் ஐந்து அறைகளுடைய சிறுமலர் தோன்றும். தாமரைக்கிழங்கின் துண்டு துளைகள் சூழ்ந்த பெருமலராகும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தபின் விரும்பிய உருவைச் செதுக்கலாம். ஆனால் அது அன்றைக்கே வாடிவிடும், நுண்ணிய கோடும் அதில் நில்லாது.

அடுத்தது றப்பர். பென்சில் எழுத்தை அழிக்கும் பெரிய அழிறப்பர் சிறந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வித்தாகக் கியூ பூங்காவுக்குச் சென்று, 1876இல் கன்றாக இலங்கைக்கு வந்து, கம்பகாவை அடுத்த எனரத்கொடையில் நடப்பட்ட மரத்தின் பால் அல்லவா அது! இந்நாட்டில் அதற்கு ஒருகாலும் பஞ்சமில்லை.

மலரை மெல்லிய கடதாசியில் மென்மையான பென்சிலால் வரைக. வரைந்த பக்கத்தை றப்பரின்மேற் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் உரு இடம் வலமாக மாறி அதிற் பதியும். செதுக்கி அச்சிடும்போது மீண்டும் நேராகும். இப்படியைத் தவிர்த்து றப்பரில் நேராகவே வரைபவர் கண்ணாடியிற் கண்ட மலரையே பெறுவர். கோட்டை விட்டு, கோடல்லாத இடத்தைக் கத்தியால் அகற்ற வேண்டும். கத்தி கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்து செல்லுதல் வேண்டும். அப்பொழுதே கோட்டின் அடி அகன்று உறுதியாயிருக்கும். உட்புறமாகச் சரித்து அடியைக் குடைந்தால் பத்தாவது அட்டையிற் கோடு வளையும், இருபதாவதில் உடையும். கத்தியின் முன்னே மற்றக் கை இருத்தலாகாது. இதனைப் பலகாற் சொல்லியும் கேளாதவர் விரற் கட்டோடு எம்மிடம் வந்ததுண்டு.

பயிற்சிக்கு நாம் தேர்வது ஈழத்தலரி. கோவில் முன்றிலிலும் தலதா மாளிகையின் மலர்த்தட்டுகளிலும் நாள்தோறும் காணும் பூ. பெயரில் ஈழம் இருப்பினும் இதுவும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்ததே. வந்தவர் ஊரவராகிவிட்டார் என்க. ஐந்து இதழ், ஒவ்வோரிதழின் ஒரு விளிம்பு அயலிதழின்மேல் ஏறியிருக்கும், மறு விளிம்பு மற்றையதன்கீழ் ஒளிந்திருக்கும். முழுப்பூவைச் செதுக்காது ஓரிதழை மட்டும் செதுக்கி, பாகைமானியால் 72 பாகைக்கு ஒரு குறியிட்டு, ஐந்துமுறை சுற்றிப் பதிக்கலாம். முதலிதழைப் பதித்தபின் அதே அளவில் வெட்டிய கடதாசி மறைப்பை அதன்மேல் வைத்து இரண்டாம் இதழைப் பதித்தால், அது முதலிதழின்கீழ் ஒளிந்தாற்போல் அமையும். இவ்வாறே மூன்றும் நான்கும்.

ஐந்தாவதில் வருகின்றது இடர். அது நான்காவதன் கீழும் இருக்க வேண்டும், முதலாவதன் மேலும் இருக்க வேண்டும். முதலாவதோ ஏற்கெனவே முழுமையாகப் பதிந்துவிட்டது. அதன் கோடு ஐந்தாவது இதழின் ஊடே தெரியும். இவ்விடத்தில் மலர் சுழற்சி கெட்டு முறிந்து நிற்கும். இதற்குத் தீர்வு யாதென்று நாம் நெடுநாள் அறிந்திலேம். விடை எம்மிடமே ஒரு பழைய பெட்டிக்குள் இருந்தது.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்வர், 300,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர் என்று வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. இத்தொகைகளை நாம் வரலாற்றுப் பாடத்திற் படிக்கின்றோம். அக்காலத்தில் எம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அது தொகையன்று; வாங்கின் காலியிடம். எம் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழர் ஒருவர், தோட்டத்துப் பிள்ளை, குடும்பத்தோடு தலைமன்னார் சென்று கப்பலேறி இராமேசுவரம் போயினார். அக்கப்பற் சேவையும் 1984இல் நின்றுவிட்டது. மண்டபம் முகாமைக் கடந்து நீலகிரிக்குச் சென்று, தாயகம் திரும்பியோருக்கென அங்கே தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் அவருடைய பெற்றோர் கொழுந்து பறித்தனர். தேயிலையை விட்டுச் சென்று தேயிலைக்கே சென்றனர். அடுத்த தைப்பொங்கலுக்கு அவரிடமிருந்து ஓர் அட்டை வந்தது.

சாதாரணப் பழுப்பு மட்டை. நடுவே ஓர் ஈழத்தலரிப் பூ. றப்பர்ச் செருப்பின் அடியை வெட்டி முத்திரை செய்ததாகவும், விளக்குக் கரியைப் பசையிற் குழைத்து மையாக்கியதாகவும் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். பூவின் நடுவுக்கு மஞ்சள் நீர், பின்புலத்துக்கு இலைச்சாறு. கோடுகளிற் செருப்பின் நுண்டுளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். முதலிதழின் விளிம்புக் கோடு ஐந்தாமிதழைத் தொடுமுன்னரே நின்று, ஒரு நெல்லளவு வெளியிருந்தது. மை போதாமையால் நேர்ந்த பிழை என்று அப்போது நினைத்தோம். பதிலட்டையிற் சிறிது கேலியும் செய்தோம் என்பதை இன்று நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். சில கடிதங்களின்பின் போக்குவரவு நின்றது. நிறுத்தியவர் அவரல்லர்.

பல்லாண்டு கழித்து, மாணவருக்கு இப்பாடத்தைச் சொல்லிக்கொடுக்க முற்பட்டு ஐந்தாமிதழில் இடறி நின்றபோதுதான் அந்த வெளி நினைவுக்கு வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தோம். அது பிழையன்று. முதலிதழைப் பதிக்குமுன்னே, பின்னர் மறையவேண்டிய விளிம்பிலிருந்த மையை விரலால் துடைத்திருக்கின்றார். நெல்லளவு மிகையாகத் துடைத்துவிட்டார், அவ்வளவே. கடைசி இதழுக்கான இடத்தை முதலிதழிலேயே ஒதுக்கி வைத்த அறிவு பதினைந்து வயதுப் பையனுடையது. இன்று நாம் கற்பிக்கும் முறையும் அதுவே: முத்திரைக்கு மையிட்டபின் ஈரத்துணி சுற்றிய குச்சியால் அவ்விளிம்பைத் துடைத்து, பின்பு பதிக்கவும், மற்ற நான்குக்கும் முழு மை இடவும்.

அவ்வட்டை மையையும் நிறத்தையும் பற்றி மற்றொரு பாடமும் தருகின்றது. விளக்குக் கரிக் கோடு இன்றும் கறுத்தே உள்ளது, கரி வெளிறுவதில்லை. மஞ்சளோ ஒளியில் அழிந்து சாயல் மட்டுமாய் நிற்கின்றது, இலைச்சாறு மண்ணிறமாகிவிட்டது. வெண்டிக்காய் முத்திரைக்கு விளையாட்டாக இச்சாறுகளைப் பயன்படுத்தலாம். நிலைக்க வேண்டிய அட்டைக்குக் கடையில் விற்கும் நீர்வண்ணமோ நிறப்பென்சிலோ வேண்டும். அலுவலக முத்திரை மையிற் பெரும்பாலானவை நீர்பட்டால் ஊறிப் பரவும். ஒரு துண்டில் பதித்து, ஒருநாள் காயவிட்டு, ஈரத்தூரிகையால் தடவிப் பார்க்கவும். பரவினால் நிறப்பென்சிலே கதி.

வெள்ளைப் பூவுக்கு நிறந்தீட்டுவது எப்படி என்று கேட்பர். பூவுக்குத் தீட்ட வேண்டா. அதைச் சூழ்ந்த வெளிக்குத் தீட்டுக. மெல்லிய பச்சையோ நீலமோ சுற்றிலும் பரவ, மட்டையின் வெண்மையே இதழாக எழும். நடுவில் மட்டும் மஞ்சளை வைத்து, நிறமற்ற ஈரத்தூரிகையால் வெளிநோக்கி இழுத்து மங்கச் செய்யவும். ஓரிதழ் அடுத்ததன்கீழ் நுழையும் இடத்தில் ஓர் இழை சாம்பல் நிழல் போதும். மிகுதியான தீட்டலால் கெட்ட அட்டைகளே அதிகம். குறைவால் கெட்டதை நாம் கண்டதில்லை.

பிறிஸ்டல் மட்டையை 20 சென்ரிமீற்றருக்கு 15 ஆக வெட்டி இரண்டாக மடித்தால் அளவான அட்டை கிடைக்கும். வாழ்த்தைச் செதுக்க வேண்டா. தமிழெழுத்தை இடம் வலம் மாற்றிச் செதுக்கி ழகரத்தைத் தலைகீழாக்கியவர் பலர். கையாலேயே எழுதுக. கண்டியில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையீரம் விடாது; நீர்வண்ணம் மேலே உலர்ந்தாற்போலத் தோன்றினும் உள்ளே ஈரமிருக்கும். இரண்டு நாள் காயவிட்டு, மெல்லிய கடதாசி இடையிட்டு உறையிலிடவும்.

கோத்தகிரியிலிருந்து அண்மையில் வந்த பழைய மாணவர் ஒருவர் வழியாகத் தோழரின் இன்றைய முகவரி எமக்குக் கிடைத்துள்ளது. ஈழத்தலரி அட்டை ஒன்று செய்து வைத்துள்ளோம். ஐந்தாமிதழ் சரியாக அமைய நான்கு மட்டைகள் வீணாயின. இப்பொழுது அது காய்ந்துகொண்டிருக்கின்றது.