புதிதாக உருளை போடுகிறவர்களுக்கு

நீலகிரியில் புதிதாக உருளைக்கிழங்கு போட வருகிறவர்கள் இலைக்கருகலை நினைத்தே நடுங்குகிறார்கள். கருகலுக்காவது அடிக்க மருந்து உண்டு. பாக்டீரியா நோய் செடிக்குள் புகுந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கடைக்காரர் ஆன்டிபயாடிக் பொட்டலத்தை நீட்டுவார்; வாங்காதீர்கள். கீழே சொல்வதெல்லாம் நோய் வராமலும், வந்தால் பரவாமலும் இருக்கச் செய்ய வேண்டியவை.

1. முதலில் அடையாளம் தெரிய வேண்டும். இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டால், தண்ணீர் போதவில்லை என்று பாய்ச்சப் போகாதீர்கள். அடித்தண்டில் ஒரு துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரை ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் நூலாக இறங்குவதுபோல் வெள்ளையாகக் கசிந்தால், அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா தரும் வாடல் நோய். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரியும். அழுத்தினால் சீழ் வரும். முற்றிய நோயில் கண்களிலும் சீழ் கசிந்து, மண் அதில் அப்பிக்கொண்டே வரும்.

2. பாதி நோய் விதையோடுதான் வருகிறது. குளிர்ந்த மேட்டில் கிருமி கிழங்குக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். செடியும் வாடாது, கிழங்கும் பார்க்க அழகாக இருக்கும். அதையே விதையாக வாங்கிச் சூடான இடத்தில் நட்டால் காடே படுத்துவிடும். ஆகவே கிழங்கின் அழகைப் பார்த்து விதை வாங்காதீர்கள். அது விளைந்த காட்டைப் போய்ப் பாருங்கள், சொந்தக்காரர் காடானாலும் சரி. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கேட்க வெட்கப்பட வேண்டாம். இன்னொன்று: குஃப்ரி ஸ்வர்ணா நூற்புழுவைத் தாங்கும் ரகம். வாடலையும் தாங்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

3. 40, 50 கிராம் கிழங்கை முழுசாகவே நடுங்கள். விதைச் செலவை மிச்சம் பிடிக்க வெட்டினால், ஒரு நோய்க்கிழங்கில் பட்ட கத்தி அடுத்தடுத்த கிழங்குக்கெல்லாம் நோயைப் பூசிவிடும்.

4. நம் ஊர் அடுக்குப் பாத்தி. மேல் பாத்தியில் ஒரு செடி வாடினால் மழைத்தண்ணீர் கிருமியைக் கீழே இறக்கும். நோய்ச்செடியை மண்ணோடு அள்ளி எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள். தண்ணீர் ஒதுங்கிப் போக வாய்க்கால் வெட்டுங்கள். அந்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் வைக்காதீர்கள்.

5. நோய் கண்ட மண்ணில் இரண்டு மூன்று வருஷம் உருளை வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாயும் கூடாது. எல்லாம் ஒரே குடும்பம். பூண்டு, முட்டைக்கோஸ், மக்காச்சோளம் போடலாம். தானாக முளைத்த உருளைச் செடியையும் மணத்தக்காளியையும் பிடுங்காமல் விட்டால் இந்தப் பாடெல்லாம் வீண்.

6. நடும்போதே ஏக்கருக்கு சுமார் 5 கிலோ பிளீச்சிங் பவுடரைப் பாரில் மண்ணோடு கலந்து போடுங்கள். மண் அணைப்பதையும் அப்போதே முடித்துவிடுவது நல்லது. பிறகு கொத்தினால் வேர் அறுபடும். அந்தக் காயம்தான் கிருமிக்கு வாசல். நூற்புழு துளைத்த வேரும் அப்படியே.

7. சொறி நோய் விளைச்சலைவிட விலையைத்தான் தின்னும். புளிப்பு மண் என்று சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் சொறி கூடும்; மண் பரிசோதித்த பிறகே போடுங்கள். கிழங்கு பிடிக்கிற நாட்களில் ஈரம் காயக் கூடாது.

8. தோண்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் தழையை அறுத்துவிட்டால் தோல் இறுகும். ஈர மண்ணில் தோண்டாதீர்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பளிச்சென்று அனுப்பலாமென்று கழுவி, ஈரம் காயாமல் மூட்டை கட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தோலில் நிற்கும் தண்ணீர் கிழங்கு மூச்சுவிடும் துளைகளை அடைத்துவிடும். காற்றில்லாத இடத்தில்தான் மென்னழுகல் கிருமி தழைக்கும். லாரி மலையிறங்குவதற்குள் மூட்டை நாற ஆரம்பிக்கும். ஈரமிருந்தால் நிழலில் பரப்பி உலர்த்தி, வெட்டுப்பட்டதைத் தனியே ஒதுக்கிய பிறகே கட்டுங்கள்.