நான்கு யாமமும் நாம் கற்கும் பாடமும்

இரவு என்பது உயிர்கள் யாவும் ஓய்ந்து ஒடுங்கும் பொழுது. பகலெல்லாம் உழைத்த உடம்பு உறக்கத்தை நாடுதல் இயற்கை. அவ்வியற்கைக்கு மாறாக, ஆண்டில் ஓரிரவு முழுவதும் கண்விழித்திருந்து இறைவனை வழிபடுக என நம் முன்னோர் விதித்தனர். அவ்விதியின் கருத்து யாது? இமை மூடாதிருத்தல் மாத்திரமோ, அன்றி அதனினும் மேலான ஒன்றோ? இவ்வினாவை நம் கல்லூரியின் பழைய மாணவரும், இன்று கற்கும் மாணவரும், உடனாசிரியரும் என்னோடு சேர்ந்து சிந்தித்தல் வேண்டும் என்னும் விருப்பினால் இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விரதமும் காலமும்

சிவராத்திரி ஐவகைப்படும். நித்திய சிவராத்திரி, பட்ச சிவராத்திரி, மாத சிவராத்திரி, யோக சிவராத்திரி, மகா சிவராத்திரி என்பன அவை. அவற்றுள் மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதே மகா சிவராத்திரி. இரவின் முப்பது நாழிகையும் நான்கு யாமங்களாக வகுக்கப்படும். ஒரு நாழிகை 24 நிமிடம் ஆதலின், ஏழரை நாழிகை கொண்ட ஒரு யாமம் 3 மணி நேரமாகும். யாமந்தோறும் அபிடேகமும் அருச்சனையும் தனித்தனியே நிகழும். முதல் யாமத்திற் பஞ்சகவ்வியம், இரண்டாவதிற் பஞ்சாமிர்தம், மூன்றாவதில் தேன், நான்காவதிற் கருப்பஞ்சாறு என அபிடேகப் பொருள்களை வரிசைப்படுத்துவதும் ஒரு வழக்கு. நள்ளிரவை ஒட்டிய பொழுது இலிங்கோற்பவ காலம் எனச் சிறப்பித்துப் போற்றப்படும்.

ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையில் இவ்விரதத்தைச் சிறுவர்க்கும் விளங்குமாறு வகுத்துரைத்தார். அதனைக் கற்றே நம்மவருட் பலர் விரதத்தின் விதிகளை அறிந்தனர். எனினும் விதியை அறிதல் வேறு, விதியின் உட்பொருளை உணர்தல் வேறு. முன்னதை ஆசிரியர் கற்பிக்கலாம். பின்னதை ஒவ்வொருவரும் தாமே விழித்திருந்து பெறல் வேண்டும்.

திருக்கோணமலையின் நீண்ட இரவு

திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலமாகிய கோணேசுவரம், கடலினின்றும் 300 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சுவாமி மலையின்மீது விளங்குகின்றது. சிவராத்திரி மாலையில் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் மேயும் வழியே மலையேறிச் செல்லும் அடியார் கூட்டத்தைக் காண்போர், இத்தலம் என்றும் இவ்வாறே சிறந்திருந்தது எனக் கருதுதல் கூடும். உண்மை அஃதன்று.

1620களில் போர்த்துக்கேயர் இம்மலைக் கோயிலை இடித்தனர். அக்கல்லையும் கொண்டு கோட்டையை எழுப்பினர். அதன்பின் ஒல்லாந்தர் ஆண்டனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கோட்டைக்குப் பிரெடெரிக் என்னும் பெயரும் வாய்த்தது. கோயில் இல்லை, கோபுரம் இல்லை, மணியோசை இல்லை. ஆயினும் வழிபாடு முற்றாக அற்றுப்போகவில்லை. மலையின் விளிம்பில் நின்று, கீழே அலைமோதும் கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வணங்கினர் நம் முன்னோர். கல்லே அவர்க்குக் கருவறை ஆயிற்று.

1950இல் கிணறு தோண்டியபோது பழைய திருவுருவங்கள் சில மண்ணினின்றும் வெளிப்பட்டன. 1956இல் மலையடிக் கடலில் மூழ்கி ஆராய்ந்த மைக் வில்சன் என்பார் இலிங்கம் ஒன்றையும் கோயிலின் இடிபாடுகளையும் கண்டார். அவர் தோழரும் அறிவியற் புனைகதை எழுத்தாளருமாகிய ஆதர் சி. கிளாக் இவ்வூர்க் கடலடி ஆய்வுகளைத் தம் நூலில் உலகறிய எழுதினார். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

கோயில் இடிந்தது முதல் குடமுழுக்கு வரை எண்ணிப் பார்மின். ஏறத்தாழ 340 ஆண்டுகள்! அத்துணை நெடிய காலம் ஓர் ஊர் மக்கள் தம் இறைவனை மறவாது விழித்திருந்தனர். தாம் உயிரோடிருக்கும் காலத்திற் கோயில் எழும் என்னும் உறுதி அவருட் பெரும்பாலார்க்கு இல்லை. இருந்தும் தம் மக்களுக்கு, ‘அதோ அம்மலையே நம் கோயில்’ எனச் சுட்டிக்காட்டிச் சென்றனர். பயனைத் தான் காணாவிடினும் கடமையைக் கைவிடாதிருத்தலே விழிப்பு என்பது இம்மலை தரும் முதற் பாடம்.

ஒரு மாணவனின் வினா

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிவராத்திரியில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மலைக்குச் சென்றிருந்தேன். முதல் யாம பூசை முடிந்தபின் அவர்களை ஒருபுறம் இருத்தி, வேடன் கதையைச் சொன்னேன். காட்டிலே இரவு வந்துற்ற வேடன் ஒருவன், விலங்குக்கு அஞ்சி மரமேறினான். உறக்கம் வாராதிருக்க இலைகளைப் பறித்துப் பறித்துக் கீழே இட்டான். அம்மரம் வில்வம். கீழே இருந்தது இலிங்கம். அன்று சிவராத்திரி. அவன் அறியாது செய்த பூசையை ஏற்று இறைவன் அருள் புரிந்தான். இவ்வளவே யான் சொன்ன கதை.

உடனே ஒரு மாணவன் எழுந்தான். “சேர், அவன் ஒன்றும் அறியாமலே செய்தான். அவனுக்குப் பலன் கிடைத்தது. எல்லாம் அறிந்துகொண்டு பட்டினி கிடக்கும் எங்களுக்கு அவனைவிடக் கூடுதலாக என்ன கிடைக்கும்?” என்று கேட்டான். மற்றையோர் நகைத்தனர். எனக்கு விடை தோன்றவில்லை. விடை தோன்றாமையை மறைத்து, “அதை நாளைக்குச் சொல்லுவேன். இப்போது பேசாமல் இரும்” என்றேன். ஆசிரியன் ஒருவன் செய்யத்தகாத பிழை அது.

இரண்டாம் யாமத்தில் மாணவருட் சிலர் தூங்கி விழுந்தனர். அவர்களைத் தட்டி எழுப்பிக் கடிந்துகொண்டேன். மூன்றாம் யாமத்திலோ, தூணிற் சாய்ந்திருந்த யானே உறங்கிப்போனேன்! மணியோசை கேட்டு விழித்தபோது வெட்கம் என்னைப் பற்றிற்று. வினாவிய அம்மாணவன் மாத்திரம் தன் இடத்தில் இல்லை. தேடினேன். சற்றுத் தொலைவில், வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் அருகே அவன் அமர்ந்திருந்தான். அவர் கையில் வெந்நீர்க் குவளை. குளிர்காற்றில் நடுங்கியவர்க்கு அவனே தேடிக் கொணர்ந்து கொடுத்தானாம்.

“இந்த வயதில் இரவு முழுவதும் விழித்திருப்பது வருத்தமாக இல்லையா, அம்மா?” என்றேன். அவர் சொன்னார்: “எனக்கென்ன வருத்தம், தம்பி? மகன் காணாமற்போன நாள் தொட்டு எனக்கு ஒவ்வொரு இரவும் சிவராத்திரிதான். வாசலில் காலடிச் சத்தம் கேட்குமோ என்று காது கொடுத்துக்கொண்டே கிடப்பேன். மற்ற இரவுகளில் தனியே விழித்திருக்கிறேன். இன்றைக்கு மட்டும் ஊரே என்னோடு விழித்திருக்கிறது.”

அச்சொற்களுக்குப் பின் எங்கள் இருவராலும் பேச இயலவில்லை. யான் விதியளவில் அறிந்திருந்த விழிப்பை அவர் வாழ்வளவில் அறிந்திருந்தார். யான் மாணவரைக் கடிந்து எழுப்பிய விழிப்பு உடம்பின் விழிப்பு. அவ்விளைஞன் ஒரு குவளை வெந்நீர் தேடிச் சென்றதே உள்ளத்தின் விழிப்பு.

வேடன் கதையின் மறுபாதி

வீடு திரும்பிய பின் அக்கதையை மீண்டும் ஆராய்ந்தேன். சிவமகாபுராணத்தில் அது யான் சொன்னதினும் விரிந்து கிடக்கின்றது. வேடன் மரமேறியது மான் கொல்லுதற்கே. யாமந்தோறும் மான் வந்தது. ஒவ்வொன்றும், தன் குட்டிகளைத் துணையிடம் ஒப்புவித்து மீள்வேன் என வேண்டிற்று. அவன் விடுத்தான். சொன்ன சொல் தவறாது அவை திரும்பி வந்தபோது, அவற்றைக் கொல்ல அவன் கை எழவில்லை. அம்பு ஏந்தி ஏறியவன் அருள் ஏந்தி இறங்கினான்.

மாணவன் வினாவுக்கு விடை அங்கேதான் இருந்தது. வேடன் அறியாது தொடங்கினான் என்பது மெய். ஆனால் அவன் முன்போலவே இருந்து முடிக்கவில்லை. அவன் பெற்ற பேறு வெளியிலிருந்து வந்த பரிசு மாத்திரம் அன்று. இரவு முடியுமுன் அவன் நெஞ்சே வேறாயிற்று. ‘கூடுதலாக என்ன கிடைக்கும்’ என்று கேட்பார்க்கு யான் இன்று கூறும் விடை இதுவே: அறிந்து விழிப்பார்க்குக் கூடுதலாகக் கிடைப்பது கடன். அறியாதவனே ஓரிரவில் இரக்கம் கற்றான் எனின், அறிந்தவர் அவ்விரக்கமின்றி விடியலைக் காணலாமோ?

அடுத்த கிழமை வகுப்பிலே, முன்பு பாதிக்கதை சொன்னதை ஒப்புக்கொண்டு, மறுபாதியைச் சொன்னேன். அம்மாணவன் மீண்டும் ஒரு வினா எழுப்பினான். இம்முறை யான் அவனைப் பேசாதிருக்கச் சொல்லவில்லை.

வினாவும் வழிபாடே

இளைஞர் வினாவை அடக்குதல் தகாது என்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. குசராத்திலே, பின்னாளில் தயானந்த சரசுவதி எனப் பெயர் பெற்ற சிறுவன், ஒரு சிவராத்திரியில் தந்தையோடு கோயிலிற் கண்விழித்தான். பெரியோர் உறங்கினர், சிறுவன் உறங்கவில்லை. இலிங்கத்தின்மீது எலி ஓடுவதைக் கண்டு ஐயுற்றுத் தந்தையை எழுப்பி வினாவினான். அவ்வினா அவரை விட்டு நீங்கவில்லை. 1875இல் அவர் ஆரிய சமாசத்தை நிறுவினார். உருவ வழிபாட்டை மறுத்த அவர் முடிபு சைவராகிய நமக்கு உடன்பாடன்று. ஆயினும் பெரியோர் உறங்கியபோது ஒரு பிள்ளை விழித்திருந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

அடிமுடி தேடிய கதையும் இதனையே வேறு வகையால் உணர்த்தும். சோதிப்பிழம்பின் எல்லை காணாத திருமால் காணவில்லை என ஒப்புக்கொண்டார். காணாத முடியைக் கண்டதாகப் பிரமன் பொய்யுரைத்தார். பொய்ச்சான்று பகர்ந்த தாழம்பூ சிவபூசைக்கு விலக்காயிற்று. அறியாததை அறியேன் என்னும் துணிவு கற்பிப்பார்க்கும் கற்பார்க்கும் முதற்கண் வேண்டப்படுவது. விடை தெரியாது ‘நாளைக்குச் சொல்லுவேன்’ என்று மழுப்பிய அன்று, யானும் தாழம்பூவின் பக்கமே நின்றேன்.

விடியற் பிறை

நான்காம் யாமத்து இறுதியில், வானம் தெளிந்திருப்பின், மலையினின்று கிழக்கே நோக்குவார்க்கு ஓர் அரிய காட்சி வாய்க்கும். தேய்பிறைச் சதுர்த்தசி ஆதலின் இரவு முழுதும் நிலவு இராது. ஞாயிறு எழுதற்குச் சற்று முன்னரே மெல்லிய கீற்றுப் பிறை கடலினின்றும் எழும். பிறைசூடிய பெருமானுக்குரிய இரவில், உறங்காதிருந்தவர்க்கே அப்பிறை தோன்றும். அதன் கீழே, இரவெல்லாம் வலைவீசிய மீனவர் படகுகளின் விளக்குகள் கரை நோக்கி வரும். மறுபுறம் துறைமுகத்திலே காவலர் முறை மாறுவர். மருத்துவமனையில் தாதியர் இரவுப் பணி முடிப்பர். ஊர் உறங்குதற்பொருட்டு நாள்தோறும் விழிப்பார் இத்துணைப் பேர் உளர்.

விழிப்பு சைவர்க்கே உரியதும் அன்று. பௌத்தர் இரவு முழுதும் பிரித் ஓதுவர். இசுலாமியர் நோன்பு மாதத்து லைலத்துல் கத்ர் இரவிற் கண்விழித்துத் தொழுவர். கிறித்தவர் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவில் விழித்திருந்து செபிப்பர். நால்வகைச் சமயத்தாரும் வாழும் இத்துறைமுக ஊரில், அயலவன் விழிப்பையும் மதிக்கக் கற்றல் நம் விழிப்பின் ஒரு கூறாகும்.

பழைய மாணவர்களே, நீவிர் இன்று எத்திசையில் வாழ்ந்தாலும், சிவராத்திரியன்று நான்கு யாமமும் விழிக்க இயலாவிடினும் ஒரு யாமமேனும் அமைதியாக இருந்து சிந்தியுங்கள். மாணவர்களே, பொழுதுபோக்கினால் இரவைக் கழித்து அதனை விரதம் எனக் கருதாதீர்கள். விடிந்தபின் பாரணை பண்ணுமுன், இவ்விரவில் எவர் துயரை அறிந்தேன் என்று ஒருமுறை உங்களையே கேளுங்கள். மனத்தில் ஒரு முகமேனும் தோன்றுமாயின், அவ்விரவு வீண்போகவில்லை.