துவாஸ் வானமும் ராமநாதபுரம் கண்மாயும்

துவாஸில் வேலை செய்யும் பலருக்கு 2015 செப்டம்பர் மறந்திருக்காது. இந்தோனீசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் சிங்கப்பூரைச் சூழ்ந்தது. 25ஆம் தேதி பள்ளிகளே மூடப்பட்டன. அதே ஆண்டு இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2015இல் எல் நினோ வலுவாக இருந்தது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சூடாக, மழைமேகங்கள் அந்தப் பக்கம் நகர்ந்தன. இந்தோனீசியா வறண்டது. ஆனால், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் கூடும்.

மறு ஆண்டு நிலைமை தலைகீழானது. சுமத்ரா பக்கம் இந்தியப் பெருங்கடல் சூடாகி, ஆப்பிரிக்கா பக்கம் குளிர்ந்திருந்தது. இதற்கு ‘எதிர்மறை இருமுனை’ என்று பெயர். லா நினாவும் சேர்ந்துகொண்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஏறத்தாழ 440 மில்லிமீட்டர் மழையில் 168 மில்லிமீட்டரே பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

ராமநாதபுரம் போன்ற வானம் பார்த்த பூமியில் இதன் அடி பலமானது. அங்கே மழைக்கு முன்பே புழுதியில் நெல் விதைப்பார்கள். முதல் மழையில் விதை முளைத்துவிடும். அடுத்த மழை மூன்று வாரம் தள்ளிப்போனால் பயிர் கருகும். பின்னர் எவ்வளவு பெய்தாலும் அந்த விதைக்காசு திரும்பாது. ஆகவே மொத்த மழையளவைப் போலவே, மழைகளுக்கு இடையிலான இடைவெளியும் முக்கியம்.

ஆடு மேய்க்கும் கீதாரிகளுக்கு வேறு கணக்கு. அறுவடையான வயல்களில் கிடை போட்டால் ஆட்டுக்கு மேய்ச்சல், வயலுக்கு எரு, கீதாரிக்குக் கூலி. விளைச்சல் இல்லையென்றால் கிடைக்கு அழைப்பவரும் குறைவர். தீவனம் இல்லாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட்டை விற்க, விலையும் சரியும்.

ஊரில் நிலமோ ஆடோ இருந்தால், ஆகஸ்டு, செப்டம்பரில் வரும் பருவ முன்னறிவிப்பைக் கவனியுங்கள். அது சாத்தியத்தைச் சொல்லுமே தவிர, மழை நாளைக் குறித்துத் தராது. மழை குறையலாம் என்றால் குறுகிய கால நெல்லையோ குதிரைவாலியையோ வீட்டாருடன் பேசி முடிவு செய்யலாம். மறுவிதைப்புக்குக் கொஞ்சம் விதை ஒதுக்கலாம். சில ஆடுகளை விலை சரியுமுன் விற்கலாம். நீங்கள் அனுப்பும் பணம், கடன் ஏறிய பிறகு போவதைவிட விதைப்புக்கு முன் போனால் அதிகம் உதவும்.